நாற்காலி கிடைத்த ஒரே நாள்

நான் வேலை பார்த்த கலாசார மையத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: காலரி அட்டெண்டன்ட் உட்காரக் கூடாது. தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடியும் கருங்கல்லுமாக நிற்கும் பெரிய கட்டடம் அது. உள்ளே சிலைகளுக்கெல்லாம் பீடம் உண்டு. அவற்றைக் காக்கிறவர்களுக்கு ஒரு ஸ்டூல் கிடையாது. அங்கே ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து போன வருடம் ரிடையர் ஆனேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெண்கலச் சிலை காலரியில் சாந்தி நிற்பாள். இரும்புலியூர்க்காரி, கான்ட்ராக்ட் ஸ்டாஃப். நின்று நின்று கெண்டைக்கால் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டுதான் வருவாள். நடுநடுவே உட்கார வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் இல்லை, மகள் காலேஜில் படிக்கிறாள். வேலையை எங்கே விடுவது?

"சிம்மாசனமா கேக்குறோம்? ஓரமா ஒரு ஸ்டூலு போடச் சொல்லுக்கா," என்பாள்.

அட்மின் மேனேஜரிடம் பல தடவை கேட்டுவிட்டேன். ஒரே பதில்தான்.

"உட்காந்தா தூங்கிடுவாங்க மேடம். விசிட்டர்ஸ் போட்டோ எடுத்துப் போட்டா யாருக்குக் கெட்ட பேரு?"

அவர் கேபினில் சுழல் நாற்காலி. அதில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லையாக்கும்!

அப்போதுதான் 'ஸ்டாஃப் டெவலப்மென்ட்' என்று ஒருநாள் பயிற்சி அறிவித்தார்கள். மையத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை. எங்கள் வார ஓய்வு போயிற்று. ஆனால் கடைசியில் டைரக்டரே வந்து குறை கேட்பார் என்றார்கள். ஸ்டூல் விஷயத்தைச் சாந்தியே பேசட்டும் என்று முடிவு செய்தோம். பேச வேண்டியதை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மினி ஆடிட்டோரியம், ஏசி, குஷன் நாற்காலி. சாந்தி முன்வரிசையில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தாள்.

"இன்னா மெத்துனு கீது பாருக்கா!"

பயிற்சியாளர் 'விசிட்டர் எக்ஸ்பீரியன்ஸ்' பற்றி ஸ்லைடு போட்டார். மதியம் பிரிஞ்சி சாதம். சாப்பிட்டு வந்து விளக்கை அணைத்ததும் பின்வரிசையில் முதல் குறட்டை கேட்டது. ஒருத்தியைத் தட்டி எழுப்பினால் அடுத்தவள் சாய்ந்தாள். வருடக்கணக்காக நின்ற உடம்பு, யார் சொல்லிக் கேட்கும்?

டைரக்டர் நுழைய, மேனேஜர் விளக்கைப் போட்டார். முன்வரிசையில் சாந்தி கால் நீட்டி, வாய் லேசாகத் திறந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னேன்ல சார்," என்றார் மேனேஜர்.

டைரக்டர் கோபப்படவில்லை. சங்கடமாகச் சிரித்துத் திரும்பினார். நான் பின்னால் ஓடினேன்.

"சார், அட்டெண்டன்ட்ஸுக்கு ஸ்டூல்..."

"இன்னொரு நாள் பார்க்கலாம்மா."

பேச்சுச் சத்தத்தில் சாந்தி விழித்தாள். "டைரக்டரு வந்துட்டாராக்கா?"

"வந்துட்டுப் போயிட்டாரும்மா."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். என்னால் அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது ஹாலில் நாற்காலிகளே இல்லை. 'ஆக்டிவிட்டி' முறையாம்; முழு நாளும் எங்களை நிற்க வைத்தே நடத்தினார்கள். சாந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றாள். அதன்பின் வேலைக்கு வரவில்லை.

இத்தனை வருடத்தில் நான் கற்றது ஒன்றுதான். உட்கார இடம் கேட்கப் போனால், கேட்டு முடிக்கும் வரை உட்காராதீர்கள். அப்படிக் கேட்டாலும் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.