லாசரும் ஹீட்டரின் கண்ணும்

என் அக்காள் ஜெனிட்டாவின் புருஷன் லாசருக்குக் கை நல்ல கை. வாய்தான் கொஞ்சம் நீளம். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் குஞ்சு ஷெட்டைச் சூடாக வைக்கிற டீசல் ஹீட்டர் எது நின்றாலும் ராசிபுரத்திலிருந்து அவர்தான் போக வேண்டும். போனால் ரிப்பேரோடு விடமாட்டார். பண்ணைக்காரர், வேலையாள், முட்டை ஏற்ற வந்த டிரைவர் எல்லோரையும் நிற்க வைத்து வகுப்பெடுத்துவிட்டுத்தான் ஸ்பேனரையே தொடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் பங்குச்சாமியார்கூட அவ்வளவு நேரம் பேசுவதில்லை.

புதுச்சத்திரம் அப்புசாமி தன் பண்ணைக்கு ஹீட்டர் வாங்கியதே இவர் பேச்சை நம்பித்தான். "கரி அடுப்பு இனி எதுக்குங்க, தூக்கிப் போடுங்க" என்று இவர் சொல்லிச் சொல்லி, அந்த மனிதரும் அடுப்புகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை அப்புசாமியிடமிருந்து போன் வந்தது. ஹீட்டர் பற்றுகிறது, உடனே அணைந்துவிடுகிறது. மத்தியானம் குஞ்சு வண்டி வருகிறது. வெளியே விடாத மழை. முந்தின நாள் பொரித்த குஞ்சுகளைக் குளிர்ந்த ஷெட்டில் இறக்கினால் சூட்டுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கியே செத்துப்போகும். மச்சானின் பைக் பஞ்சர் என்பதால் நான்தான் என் வண்டியில் கூட்டிப்போனேன்.

கேட்டில் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனோம். ஹீட்டருக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. டேங்க், மூடி, சக்கரம் எங்கும் சந்தனம், குங்குமம். மச்சான் சுவிட்சைப் போட்டார். காற்று சீறியது, தீ பிடித்தது, நன்றாகவே எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பட்டென்று அணைந்து சிவப்பு விளக்கு வந்தது.

"டீசல்ல தண்ணி கலந்திருக்குதுங்க" என்றார், டேங்கைத் திறந்துகூடப் பார்க்காமல்.

டீசலை மாற்றினார்கள். அணைந்தது. ஃபில்டரை மாற்றினார். அணைந்தது. டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி ஊதி மாட்டினார். அதே கதை.

"மச்சான், அந்தக் கண்ணைப் பாத்தீங்களா?" என்றேன். அவர் வகுப்பைக் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. தீ எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் கண் உண்டு. அதற்குத் தீ தெரியாவிட்டால் மெஷின் தானாக நின்றுவிடும்.

"போன வாரம் சர்வீஸுக்கு வந்தப்ப நானே தொடைச்சு மாட்டுனது. நான் மாட்டுனதுல குத்தம் இருக்குமாடா?"

அதற்குள் குஞ்சு வண்டி டிரைவர் போன் செய்தார். ஆண்டகலூர் கேட்டைத் தாண்டிவிட்டாராம், இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாராம். அப்புசாமி மச்சானைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுப்புகள் இருந்த மூலையைப் பார்த்தபடி, "ஏனுங்க லாசரு, குஞ்சை எங்கீங்க எறக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

மச்சானின் வாய் அன்றுதான் நின்றது. மூடியைத் திறந்தார். கண்ணைத் திருகி வெளியே இழுத்தார்.

கண்ணாடி முழுக்கச் சந்தனம். நடுவில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

"நாந்தான் சாமி, கழட்டிப் பொட்டு வெச்சு மாட்டுனேன்" என்றார் பக்கத்தில் நின்ற அப்புசாமியின் மனைவி முத்தாயம்மாள். "போன வாரம் நீங்கதானுங்க கழட்டிக் காட்டுனீங்க. இதுதான் முக்கியம், இது இல்லீன்னா மத்ததெல்லாம் வெறும் தகரம்னீங்க. முக்கியமானத உட்டுப்போட்டுச் சக்கரத்துக்கு மட்டும் வெச்சா நல்லாவாங்க இருக்கும்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். அந்தம்மா பக்தியோடு வைத்த பொட்டை சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் கையால் அழிப்பதா என்று அவருக்குக் கூச்சம் வேறு.

"கண்ணுக்குள்ள வெச்சா நமக்கே ஒண்ணும் தெரியாதுங்கம்மா" என்றார் மெதுவாக. "நீங்களே தொடைச்சு உடுங்க. மேல மூடியில எத்தன வேணாலும் வெய்யுங்க."

முத்தாயம்மாள் ஈரத்துணியால் துடைத்து, முந்தானையால் ஒற்றிக் கொடுத்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க. மத்ததெல்லாம் சொன்னீங்க."

ஹீட்டர் பற்றியது. நின்று எரிந்தது. வண்டி வந்து சேர்ந்தபோது ஷெட்டுக்குள் எங்களுக்கே வேர்த்தது. இறக்கிவிட்ட குஞ்சுகள் குவியாமல் ஷெட் முழுக்கப் பரவித் தீவனத்தைக் கொத்தின. அப்புசாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது முத்தாயம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "நில்லுங்க சாமி. எது முக்கியம்னு இப்பத்தான் தெரியுது" என்று மச்சானின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். கழுத்தில் ஜெபமாலையோடு மச்சான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அக்காள், "இதென்னங்க நெத்தியில?" என்றாள். ஒரு திருகாணிக்கே ஒரு மணி நேரம் விளக்கம் சொல்கிறவர், "மெஷினு ஓடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

நெற்றியை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் கழுவினார்.