அத்தைக்கு மெட்ராஸ் காட்டப் போனோம்

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செங்கல்பட்டைத் தாண்டிவிட்டால் எல்லாமே மெட்ராஸ்தான். நான் வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், செல்போன் செய்கிற ஒரு கம்பெனியில். தங்கியிருந்தது ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில், புதிதாக எழுப்பிய லேடீஸ் ஹாஸ்டலில். ஜன்னலைத் திறந்தால் சீமைக்கருவேலங்காடு, அதற்கப்பால் பிளாட் போட்டு நட்டுவைத்த மஞ்சள் கற்கள், நடுவே யாரையும் சட்டை செய்யாமல் மேய்கிற எருமைகள். ஆனால் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தெருவுக்கு நான் மெட்ராஸ்காரி. லீவுக்குப் போகும்போதெல்லாம் "கடலு எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். "இருக்கு" என்பேன். இல்லாமலா போய்விடும்?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்தில் நான் பார்த்த மெட்ராஸ், தாம்பரம் ஸ்டேஷனோடு சரி. கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசலில் எங்களை அள்ளிக்கொண்டு போகும், ஷிப்ட் முடிந்ததும் கொண்டுவந்து கொட்டும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவுமே பற்றாது. ஓ.டி. வந்துவிட்டால் அதுவும் போச்சு. ஊரைச் சுற்றிப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசைக்கும் எனக்கும் ஷிப்ட் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட என்னை நம்பித்தான் அத்தை மெட்ராஸைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி வந்தாள். அப்பாவின் அக்கா. சந்தைக்குச் சந்தை காய்கறிக்கடை போடுகிறவள். அவள் குரலுக்குப் பயந்தே எதிர்க்கடைக்காரர்கள் கத்தரிக்காய் விலையைக் குறைத்துவிடுவார்கள் என்று பேச்சு. அவளுடைய மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எங்கள் கம்பெனியில் மறுபடியும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலும் காலியாக இருந்தது. அத்தைதான் அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மெட்ராஸுக்குப் போன பிள்ளைகள் கெட்டுப்போகும் என்பது அவள் கட்சி. கெட்டுப்போவது என்றால் என்னவென்று கேட்டால், பேன்ட் போடுவதில் ஆரம்பித்து எங்கெங்கோ போவாள்.

ஒருநாள் ஹாஸ்டல் போனில் அத்தை மகள் அழுதாள். "மைனி, வார ஞாயித்துக்கெழம எங்க அம்மா அங்கன வாராவ. ஊரப் பாக்கணுமாம், கடைத்தெருவப் பாக்கணுமாம், உங்களையும் பாக்கணுமாம். பாத்துட்டு வந்துதான் முடிவு சொல்லுவாவளாம். எப்படியாவது ஒத்துக்க வச்சிருங்க மைனி. இல்லைன்னா மாப்பிள்ள பாத்துத் தள்ளிவிட்ருவாவ."

அவள் வேலைக்கு வந்து சேர்வது அவளைவிட எனக்குத்தான் அவசரம். ஹாஸ்டல் நிறையப் பெண்கள் இருந்தும் ஆளுக்கொரு ஷிப்ட். நான் விழித்திருக்கும்போது அறையில் மற்றவர்கள் தூங்குவார்கள். பேச ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துப் போயிருந்தது.

என் லைனில் லீடராக இருந்த அக்கா பென்னலூர்க்காரர். கம்பெனிகள் வரும் முன்பு அந்தப் பக்கம் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"டீ நகரா? கண்ணக் கட்டி வுட்டாலும் போய்ட்டு வருவேன். நான் கூட வரேன். நீ இன்னாத்துக்குப் பயந்துகினு கீற?" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது.

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கிய அத்தை, ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அதே பழைய சுடிதார், எண்ணெய் வைத்துப் பின்னிய அதே சடை. கெட்டுப்போனதற்கு வெளியில் ஒரு அடையாளமும் காணாததால் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். "இளைச்சிட்டியே" என்று மட்டும் சொன்னாள்.

மின்சார ரயிலில் மாம்பலம் போய் ரங்கநாதன் தெருவில் இறங்கினோம். இறங்கினோம் என்பதைவிட, கூட்டம் எங்களை இறக்கிவைத்தது என்பதுதான் சரி. அக்கா முன்னால், நான் நடுவில், அத்தை பின்னால். கம்பெனிக்குள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டை ஒட்டி இடதுபக்கமாக ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் அக்காவும் நானும் இடதுகைப் பக்கக் கடைகளை உரசிக்கொண்டே போனோம். இல்லாத கோட்டுக்காக நாங்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனதில், ஊரே எங்களை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனது. அத்தை நடுத்தெருவில் கம்பீரமாக நடந்து வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பாத்திரக்கடை வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதே பாத்திரக்கடை வந்தது.

"ஏட்டி, இந்த ஊருல எல்லாப் பாத்திரக்கடையிலயும் அதே மீசைக்காரந்தான் நிக்கானா?" என்றாள் அத்தை.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "எப்பவும் எங்க வூட்டுக்காரர் சட்டையப் புடிச்சிகினு வருவேன்மா. அவரு முதுகத் தவுர ஒண்ணும் பார்த்ததில்ல" என்றார். இந்த லட்சணத்தில் அத்தையை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது?

வழி தெரியாததை மறைக்க, எதிரில் இருந்த ஒரு சின்னத் துணிக்கடைக்குள் நுழைந்தோம். மகளுக்கு ஒரு சுடிதார் துணி வேண்டும் என்றாள் அத்தை. கடைக்காரர் எடுத்துப் போட்டார். நானும் அக்காவும் வேலையில் இறங்கினோம். துணியைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பார்ப்பது, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டுவது, நல்லதை வலதுபக்கம் வைப்பது, குறை உள்ளதை இடதுபக்கம் வைப்பது. தினமும் ஆயிரக்கணக்கில் போன் மூடியை அப்படித்தான் பார்க்கிறோம். கண்ணும் கையும் எங்களைக் கேட்கவில்லை.

"இதுல நூல் தள்ளிகினு கீது. ரிஜெக்ட்" என்றார் அக்கா.

"இதுல கலர் டல்லடிக்குதுக்கா."

"போடு அந்தாண்ட."

இடதுபக்கக் குவியல் இடுப்பளவு உயர்ந்ததும் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "வாங்க வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்று எகிறினார். அத்தை அவரைக் கையமர்த்தினாள். நாங்கள் ஒதுக்கிய குவியலிலிருந்தே பச்சையில் ஒன்றை உருவி, நாங்கள் கண்டுபிடித்த குறையையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்து, அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டாள். வெளியே வரும்போது, "கூறுகெட்டவளுவளா, உங்களால ஒரு நன்மையும் இருக்கு" என்றாள். அத்தையின் வாயில் அது பாராட்டு. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தத் தெம்பில், "இதெல்லாம் பழைய கடைத்தெரு அத்தை. மவுண்ட் ரோட்டுல மால் இருக்கு. ஏ.சி. போட்டது. அதப் பாத்தா அசந்து போயிருவீய" என்று சொல்லிவிட்டேன். நானே பார்க்காததை என்ன தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. பஸ் கண்டக்டர், பூக்காரி என்று நாலு பேரைக் கேட்டு எப்படியோ போய்ச் சேர்ந்தோம்.

கண்ணாடிக் கதவு. உள்ளேயிருந்து முகத்தில் அடிக்கிற குளிர். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிற தரை. இதே குளிரும் இதே தரையும் எங்களுக்குப் பழக்கமானவைதான். கம்பெனியில் தினமும் இதே மாதிரிக் கதவுக்கு முன்னால் வெளிச்செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். அக்கா கழற்றினார், நானும் கழற்றினேன். சுவரோரமாக ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்கும்படி, கோடு போட்டது போல வைத்துவிட்டு உள்ளே போனோம். அத்தை மட்டும் சந்தைப் புழுதியோடு தன் டயர்செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு வந்தாள். "அத்தை, செருப்பு..." என்று பதறினேன்.

"கோயிலாட்டி இது?" என்றாள். சுற்றிலும் பார்த்தேன். எல்லோர் காலிலும் செருப்பு இருந்தது, ஷூ இருந்தது, ஒரு பெண்ணின் காலில் ஜாண் உயரத்துக்குக் குதிகால் இருந்தது. திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்ள வெட்கமாக இருந்ததால் வெறுங்காலோடே நடந்தோம். ஓடுகிற படிக்கட்டில் அத்தை, ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரே எட்டில் ஏறிவிட்டாள். அக்காதான் ஏற மாட்டேன் என்று கீழேயே நின்று, பிறகு சாதாரணப் படியைத் தேடிக் கண்டுபிடித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மேலே ஒரு அலங்காரத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அத்தை கொண்டுவந்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைத் தின்றோம். அத்தை முதல் இட்லியை முடிக்கும் முன்பு நானும் அக்காவும் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றோம். அத்தை எங்களையே பார்த்தாள். "யாரு விரட்டுதா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் மூன்றாவது மாடியில் ஒரு பெரிய கடைக்குள் போனோம். எதுவும் வாங்கவில்லை. விலைச்சீட்டைப் பார்த்ததுமே அத்தை துணியைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வெளியே வரும் வழியில் இரண்டு பக்கமும் நெஞ்சளவு உயரத்துக்கு வெள்ளைத் தூண்கள். பக்கத்தில் யூனிபார்ம் போட்ட ஒரு செக்யூரிட்டி பையன்.

எங்கள் கம்பெனி வாசலிலும் இதே தூண்கள் உண்டு. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்க வேண்டும். லேடி செக்யூரிட்டி முன்னால் தடவுவார். சொல்லாமலே திரும்பி நின்றால் பின்னால் தடவுவார். நான் யோசிக்கவே இல்லை. தூண்களைப் பார்த்ததும் பையைத் திறந்து கீழே வைத்தேன், கைகளைத் தூக்கினேன். எனக்குப் பின்னால் அக்காவும் தூக்கியிருந்தார்.

பையன் மிரண்டுபோனான். "யம்மா, இன்னா பண்றீங்க?"

தாமதம் செய்கிறான் என்று நினைத்து, நான் வழக்கம்போலத் திரும்பி முதுகைக் காட்டினேன். இப்போது அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "உள்ள இன்னாத்த எடுத்தீங்கோ? அந்தப் பச்சத்துணி ஏது?" என்று பையைக் கிளற ஆரம்பித்தான். கடைக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கை இன்னும் மேலேதான் இருந்தது.

அத்தை வந்தாள். சந்தையில் கேட்கிற அந்தக் குரலில், "ஏட்டி, நீ எதையும் எடுத்தியா?" என்றாள்.

"இல்ல அத்தை."

"பொறவு என்னத்துக்கு மூதி கையத் தூக்கிட்டு நிக்க? கீழ போடு!"

கை தானாக இறங்கியது. அத்தை ரவிக்கைக்குள்ளிருந்து துணிக்கடைப் பில்லை எடுத்து அந்தப் பையன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "போங்கம்மா, போங்கம்மா" என்று கும்பிட்டான். பாவம், அவனும் எந்த ஊரிலிருந்து வந்து நிற்கிறானோ.

கீழே வந்தால் செருப்புகளைக் காணோம். கூட்டுகிற அம்மா அவற்றைக் குப்பை முறத்தில் அள்ளி ஓரமாக வைத்திருந்தார். யாரோ பைத்தியம் விட்டுவிட்டுப் போயிருக்கும் என்று நினைத்தாராம். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். அத்தை சிரிக்கவில்லை.

தாம்பரம் போகிற ரயிலில் அத்தை, "தெனமுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எதுக்கு?" என்றாள். போனை எடுத்துக்கொண்டு போயிருப்போமோ என்று பார்ப்பார்கள் என்றேன். அதன்பிறகு பல்லாவரம் வந்தது, குரோம்பேட்டை வந்தது. அத்தை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். ஊரில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவாள். பக்கத்துக் கட்டிலில் யாராவது வேறு ஷிப்ட்காரி வந்து படுத்துத் தூங்குவாள்.

சாயங்கால ரயில் வந்தது. அத்தை ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். கம்பிக்கு வெளியே நானும் அக்காவும் நின்றோம்.

"ஏட்டி, உன் பக்கத்துக் கட்டிலு சும்மாத்தான கெடக்கு?"

"ஆமா அத்தை."

"அடுத்த மாசம் அவள அனுப்புதேன்."

காதில் விழுந்தது சரிதானா என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"நீ கெட்டுப்போயிருப்பன்னுதான் பாக்க வந்தேன்" என்றாள் அத்தை. "கெட்டாவது போயிருக்கலாம் போலருக்கு. ஒத்தையில கெடந்தா கடைகடையாப் போய்க் கையத் தூக்கிட்டுத்தான் நிப்ப. அவ வாயாடி. பக்கத்துல நின்னான்னா, கையில ஒரு அடி போட்டு எறக்கிவிடுவா."

ரயில் நகர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிளாட்பாரத்தில் கூடவே ஓடிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன்.

அத்தை ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தியது பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. "ஏட்டி! டாட்டா காட்ட ஒரு கை போதும்!"

ஒரு கையை இறக்கினேன். கண்ணைத் துடைக்க அது வேண்டியிருந்தது.