மாமியார் வாங்கிய முதல் பாடி

வெள்ளானூருக்கு மருமகளாக வந்த மூன்றாம் நாள், மொட்டை மாடியில் துணி காயப்போட்டேன். பின்னாலேயே வந்த மாமியார், கொடியிலிருந்து என் வெள்ளைப் பாடியை உருவி என் கையில் திணித்தார். "ஆம்பளைங்க பொழங்கற ஊடு. துண்டுக்கு அடியில போடு."

பதினெட்டு வருடம் அப்படித்தான் போட்டேன். மழைக்காலத்தில் காயவே காயாது. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு ஓடியிருக்கிறேன். மாமியார் பாடியே போட்டதில்லை. ஊரிலிருந்த நிலமெல்லாம் வீட்டுமனையாகிறவரை கழனி வேலைக்குப் போனவர். ரவிக்கை மட்டும்தான்.

போன வருடம் என் கொழுந்தனுக்குக் கல்யாணமானது. ஓரகத்தி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், ஐடி கம்பெனியில் வேலை. வந்த வாரமே கொடியில் மூன்று பிரா தொங்கியது. ஒன்று மெரூன் கலர், ஒன்று லேஸ் வைத்தது, இன்னொன்றுக்குக் கொக்கியே இல்லை, பனியன் மாதிரி தலை வழியாகப் போடுவது. மாமியார் எப்போது மாடி ஏறுவார் என்று காத்திருந்தேன். ஏறினார். பார்த்தார். "காத்துல பறந்துடப் போவுது" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் இல்லாதபோது அந்த லேஸைத் தொட்டுப் பார்த்தேன். என்னுடையதில் எலாஸ்டிக் நெளிந்து போயிருந்தது. "மெரூன் வெயில்ல சாயம் போயிடும்" என்றேன் அவளிடம்.

"போகாதுக்கா. உங்களுக்கும் ஒண்ணு வாங்கட்டுமா?"

"எனக்கு எதுக்கு?"

கோடையில் மாமியாருக்கு மார்புக்கு அடியில் வேர்த்துப் புண்ணானது. காட்டன் பாடி போடச் சொன்னார் டாக்டரம்மா. மாமியார் அதை என்னிடம் சொல்லவில்லை, சின்ன மருமகளிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி அம்பத்தூர் போய் வந்தார்கள்.

"டேப்பு வெச்சி அளவெல்லாம் எடுத்தாங்கடி!" கூடத்தில் நின்று மாமியார் சிரித்தார். கை பின்னால் போகாது என்பதால் முன்பக்கம் கொக்கி வைத்தது நான்கு. ஒன்றைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார், முதுகை நிமிர்த்தி. நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். அழுத்திய அழுத்தில் மாவு பலகையோடு ஒட்டிக்கொண்டது.

சின்னவள் குளிக்கப் போனதும் கேட்டுவிட்டேன். "எனக்கு மட்டும் துண்டு. அவளுக்குக் கிளிப்பு. நான் இன்னா பண்ணேன் உங்கள?"

மாமியார் சொன்னார்: "நாத்து நடக் குனிஞ்சா மேஸ்திரி கண்ணு எங்க போவும்னு எனக்குத் தெரியும். உன்னுது மாரி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு தோணும். புதுசா வந்த மருமவளாண்ட அதப் போய்க் கேப்பாங்களா? கொடியில பாத்தாலே வயிறு எரிஞ்சிது. அதான் கண்ணுல படாம போடச் சொன்னேன்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் தீரவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே வாங்கிக் கொடுத்திருப்பேனே. கடைசியில் வாய் திறந்தபோதும் சின்னவளிடம்தானே போனார்.

அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்ததும் நான் மட்டும் கிளம்பினேன். அவர்கள் போன கடைக்குப் போகவில்லை. பஸ் மாறி, பூந்தமல்லி ரோட்டில் இருக்கும் காட்டுப்பாக்கம் போனேன். அளவெடுத்த பெண் என் தோளில் பதிந்திருந்த தடத்தைப் பார்த்தாள். "அக்கா, ரெண்டு சைஸ் சின்னதா போட்டுக்கினு கீறீங்க. மூச்சு எப்டி உட்டீங்க?"

கரும்பச்சையில் ஒன்று எடுத்தேன். ஓரத்தில் மெல்லிய லேஸ். வீட்டில் ஓரகத்தி அதை விரித்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். "என்கிட்ட இருக்கறதைவிட நல்லா இருக்குக்கா. எந்தக் கடை?"

"பூந்தமல்லி ரோட்டுல எங்கியோ" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.