வெளியே போகக் கேட்ட பிள்ளை

ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு: பிள்ளை என்ன கேட்கிறது என்பதை விட்டுவிட்டு எப்படிக் கேட்கிறது என்பதையே கவனிப்போம். உங்களுக்கும் அது இருக்கும், எனக்கு முற்றியிருந்தது.

என் சட்டம்

'கேன்' (can) இயலுமையைக் குறிக்கும், 'மே' (may) அனுமதியைக் குறிக்கும் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். 'கேன்' போட்டு அனுமதி கேட்ட எவரையும் நான் வெளியே விட்டதில்லை. திருத்திச் சொல்லும்வரை நிற்க வேண்டும். பக்கத்து வகுப்பில் கணிதம் படிப்பித்த காரைதீவு ஆசிரியர் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "ஒங்கட வகுப்பில தண்ணி குடிக்கப் போறதுக்கும் சோதினை பாஸ் பண்ண வேணும் போல, டீச்சர்." அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பு

ஹப்ஸா மருதமுனை நெசவாளியின் மகள். அன்று எழுந்து, 'கேன்' போட்டுத்தான் வெளியே போகக் கேட்டாள். திருத்தச் சொன்னேன். பயத்தில் மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது வகுப்பு சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. அவளுடைய வெள்ளைச் சீருடையில் கறை. பக்கத்துப் பிள்ளை தன் புத்தகப்பையால் மறைத்து அவளை வெளியே கூட்டிப் போனாள். நான் வெண்கட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

ஒரு கிழமையாக அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மா தறியிலிருந்து எழவில்லை. "இனிப் பள்ளிக்குப் போகமாட்டன் எண்டு சொல்றா. புள்ள கேட்டது ஒங்களுக்கு வெளங்காமலா இருந்த, டீச்சர்?"

அகராதி

அதற்குப் பிறகுதான் பெரிய அகராதியைத் திறந்தேன். முன்னரே திறந்திருக்க வேண்டும். 'கேன்' ஆதியில் 'அறிதல்'. 'மே' ஆதியில் 'வலிமை'. அனுமதி என்ற பொருள் இரண்டிலும் பின்னர்தான் வந்து ஒட்டியிருக்கிறது. 'கேனில்' அது பிந்தி வந்தது, அவ்வளவே. அந்தப் பிந்தலுக்காகவா ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்தேன்?

மீண்டும் போனேன். இம்முறை உம்மாவிடமல்ல, ஹப்ஸாவிடமே பேசினேன். அகராதியில் கண்டதைச் சொன்னேன். சட்டம் நான் நினைத்த அளவுக்கு உறுதியானதல்ல என்றேன். உறுதியாக இருந்திருந்தாலும் நான் செய்தது பிழை என்றேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "இத வகுப்பில, எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா, டீச்சர்?"

சொன்னேன், அவளும் வந்தாள். வகுப்பில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.