சக்கரத்தின் மேல் ஒரு கால்

விரலம்மா என்றால் அந்த டயாலிசிஸ் பிரிவில் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். நர்ஸ் வேலை. நோயாளியின் கையில் விரலை வைத்தாலே ரத்தக்குழாய் எழுந்து உட்கார்ந்து வணக்கம் சொல்லுமாம். ஒருநாள் சிமென்ட் தூணைத் தடவிப் பார்த்து, "இதுக்குள்ளயும் ஏதோ ஓடுது" என்றாளாம். மறுவாரம் அதே இடத்தில் தண்ணீர்க் குழாய் கசிந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம்.

"இந்த வாய வெச்சுக்கிட்டு இருக்க, எவன் உனக்குச் சம்பளம் குடுக்குறான்?" என்பாள் மாமியார்.

"வாய்க்கு இல்ல அத்தை, விரலுக்கு."

அந்த விரலே அவளுக்கு எதிரியானது. கட்டிலருகிலேயே ரத்தக்குழாயைத் திரையில் பார்த்து ஊசி போட, நர்ஸுகளுக்கென்று ஒரு சின்ன ஸ்கேன் மிஷின் வந்தது. எல்லோரும் பழகினார்கள். பிறகு அது டாக்டர் அறைக்குள் போய் உறை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டது. கேட்டால், "உங்க விரல் இருக்கும்போது மிஷின் எதுக்கு?" என்று புகழ்ந்தே திருப்பி அனுப்புவார் டாக்டர்.

அன்று டயாலிசிஸுக்கு வந்த பஸ் டிரைவர் சட்டைக்கையைச் சுருட்டினார். முழங்கைக்கு மேல் கத்தரிக்காய் நிறத்தில் வீக்கம். போன முறை விரலம்மா போட்ட ஊசி குழாயைத் துளைத்து மறுபக்கம் போய்விட்டது. டயாலிசிஸுக்கென்றே ஆபரேஷன் செய்து உண்டாக்கிய குழாய் அது. இன்னொரு முறை தப்பினால் அடைத்துக்கொள்ளலாம். பிறகு கழுத்தில் டியூப்தான்.

தடவிப் பார்த்தாள். வீக்கத்துக்கு அடியில் ஒன்றும் பிடிபடவில்லை. ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"போடமாட்டேன். மிஷின் வரட்டும்."

டாக்டர் வந்தார். "உங்க விரலுக்குத் தெரியாததா சிஸ்டர்?"

"இதே விரல்தான் சார் இவர் கையப் பஞ்சராக்குச்சு. அன்னிக்கே போன்ல மிஷின் கேட்டேன், பாதியில வெச்சிட்டீங்க."

"சரி, நான் போடுறேன்."

டிரைவர் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "கண்ணாடிய மூடிட்டு ரிவர்ஸ் எடுன்னா நான் எடுக்கமாட்டேன் சார். தங்கச்சி சொல்றதுதான் எனக்கும்."

பக்கத்துக் கட்டிலில் ஊசிக்குக் காத்திருந்த டீச்சரம்மாவும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல."

டாக்டர் அறையிலிருந்து மிஷின் உருண்டு வந்தது. ஜெல் பட்டதும் டிரைவர், "யம்மா, ஐஸு!" என்றார். விரலம்மாவும் டாக்டரும் திரைமேல் குனிந்தார்கள். வீக்கம் குழாயை ஓரமாகத் தள்ளியிருந்தது. அதைத் தாண்டி மேலே, நேராக ஒரு துண்டு குழாய்.

"ஆழம் ஜாஸ்தியா இருக்கே?" என்றார் டாக்டர்.

"பாத்துக்கிட்டே போனா எட்டும் சார்."

"போடுங்க. ஸ்கேன நான் பிடிச்சுக்கிறேன்."

ரத்தம் எடுக்க ஒன்று, திருப்பி அனுப்ப ஒன்று என இரண்டு ஊசியும் இறங்கின. டியூபில் ரத்தம் சிவப்பாக ஓடியது. டிரைவர் கண்ணைத் திறந்தார்.

டாக்டர் மிஷினைத் தன் அறைப் பக்கம் தள்ளினார். நகரவில்லை. குனிந்து பார்த்தார். சக்கரத்தின் பிரேக்கை மிதித்தபடி விரலம்மாவின் செருப்பு.

"கால எடுங்க சிஸ்டர்."

"சாயங்காலம் டூட்டிக்கு வர்ற நர்ஸ் புதுசு. கூப்பிட்டா நீங்க போனும் எடுக்கமாட்டீங்க. மிஷின் இங்கயே நிக்கட்டும்."

"ரிப்பேராச்சுன்னா?"

"மிஷினுக்கு மெக்கானிக் வருவான். இவர் கைக்கு?"

டீச்சரம்மா போர்வையிலிருந்து கையை வெளியே நீட்டினார். "அடுத்தது நான்."

டாக்டர் மிஷின் உறையை மட்டும் மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனியாக நடந்தார். அவர் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை விரலம்மா காலை எடுக்கவில்லை.