நடு ஆற்றில் நின்ற படகு

லட்லம் துறையில், கரைக்குக் கரை கட்டிய கயிற்றை இழுத்துப் படகு ஓட்டும் கெசையாவிடம் எதைப் பற்றியும் பேசலாம். மாவு விலை, போதகரின் குறட்டை, யார் வீட்டுப் பன்றி யார் தோட்டத்தில் புகுந்தது, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு கருத்து இருக்கும். யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. "அது பெட்டிக்கும் எனக்கும் உள்ளது" என்று சொல்லிவிட்டு, கயிற்றை ஓங்கி இழுப்பாள். படகு ஆடும் ஆட்டத்தில் கேட்டவன் வாயை மூடிக்கொள்வான்.

முதலில் அது அவள் கணவன் ஏமஸின் படகு. மார்ச் மாதம், பனிக்கட்டி உடைந்து வரும் ஆற்றில், அக்கரையிலிருந்து மருத்துவச்சியை அழைத்துவரப் போன ஏமஸ் திரும்பி வரவில்லை. ஆற்றின் வளைவில் ஒதுங்கிக் கிடந்த படகைக் கெசையா இழுத்து வந்து, பலகை மாற்றி, தானே ஓட்ட ஆரம்பித்தாள். படகும் துறையும் அவளுக்கு வந்தன. கூடவே ஓட்டும் வந்தது. எங்கள் நியூ ஜெர்சியில் அப்போதைய சட்டப்படி, ஐம்பது பவுண்டு சொத்துள்ள எவரும் ஓட்டுப் போடலாம்; ஆணாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் கல்யாணம் ஆன பெண்ணின் சொத்தெல்லாம் கணவனுடையது, அதனால் அவளுக்கு ஓட்டுக் கிடையாது. விதவைக்கு உண்டு.

அக்டோபரில் தேர்தல் வந்தால் விதவைகளுக்கு ராஜ மரியாதைதான். எங்கள் ஊரில் கட்சிகளை அவற்றின் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை. ஆற்றுக்குப் பாலம் வேண்டும், மேற்கே புதிதாகக் குடியேறியவர்களின் கோதுமை வண்டியெல்லாம் நம் ஊர் வழியாகப் போக வேண்டும் என்பவர்கள் பாலக்காரர்கள். பாலம் என்றால் வரி, வரி என்றால் பழைய இங்கிலாந்து ராஜா காலம் திரும்பிவிட்டது என்று பொருள் என்பவர்கள் படகுக்காரர்கள். இரண்டு தரப்பும் விதவைகளை ஏற்றிப் போக வண்டி அனுப்புவார்கள். கெசையா ஒருவர் வண்டியில், ஓட்டுப் பெட்டி வைத்திருக்கும் அக்கரை விடுதிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, அடுத்தவர் வண்டியில் திரும்புவாள். இரு தரப்பும் கொடுக்கும் தேர்தல் கேக்கையும் மிச்சம் வைக்க மாட்டாள். பாலக்காரர்களுக்கு அவளிடம் நம்பிக்கையே இல்லை. பாலம் வந்தால் பிழைப்புப் போகிறவள் பாலத்துக்கா போடுவாள்?

துறைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டுப் படகு வேலை செய்யும், கால் சற்று நொண்டும் டச்சுக்காரர் யோஸ்டுக்கு அவள்மேல் ஆசை. ஏமஸ் இறந்த துக்கம் ஆறிய பிறகு, ஒரு இலையுதிர் காலத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தேர்தல் முடியட்டும்" என்றாள். முடிந்ததும் வந்தார். "அடுத்த தேர்தல் வருதே" என்றாள். அப்படியே வருஷங்கள் போயின. விடுதியில் எல்லாரும் அவரைக் கேலி செய்வார்கள்.

"யோவ் யோஸ்ட், உன் சக்களத்தன் ஓட்டுப் பெட்டிதான்யா. தூக்கிட்டுப் போய் ஆத்துல போடு."

அதை வேறு யாரோ செய்தார்கள். 1807 நவம்பரில் சட்டசபை கூடி, இனி வெள்ளை ஆண்களுக்குத்தான் ஓட்டு என்று முடிவு செய்தது. சொத்து வைத்திருந்த கறுப்பினத்தவருக்கும் போயிற்று, கெசையாவுக்கும் போயிற்று. செய்தி வந்த அன்று மாலையே, யோஸ்ட் கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு, ஒரு ஜாடி ஆப்பிள் ஜாமோடு அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இனி என்ன கெசையா? இழக்கறதுக்குத்தான் உன்கிட்ட ஒண்ணும் இல்லையே."

கதவு படாரென்று மூடியது. மறுபடி திறந்தது. ஒரு கை வந்து ஜாடியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவே இல்லை.

அடுத்த அக்டோபரில்தான் நான் ஊர் திரும்பினேன். ஓஹாயோ ஆற்றோடு இறங்கி நியூ ஆர்லியன்ஸ் வரை போய், அங்கே சில வருஷம் இருந்து, வெளிநாட்டுக் கப்பல் போக்குவரத்தை அரசாங்கம் தடை செய்ததில் வேலை போய், துணிப்பெட்டியோடு துறைக்கு வந்து நின்றேன். அன்று வாக்குப்பதிவு. வழியெல்லாம் ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

"கேளுங்க அம்மணி, கெசையா நடு ஆத்துல படகை நிறுத்திடறா. யாருக்குப் போடப்போறே, எதுக்குப் போடறேன்னு சொன்னாத்தான் நகருது" என்றார் என்னிடம் ஒருவர். "காசு வாங்கிட்டியே அக்கான்னா, காசு ஆத்தைக் கடக்கறதுக்கு, பதில் எனக்குன்னு சொல்றா."

கடைசி நடையில் நானும் யோஸ்டும்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நடு ஆற்றில் படகு நின்றது.

"சொல்லு" என்றாள் கெசையா. ஒரு வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"இதுல சொல்ல என்ன இருக்கு? எப்பவும் போல படகுக்காரங்களுக்குத்தான்."

"எதுக்கு?"

"என்ன கேள்வி இது? பாலம் வந்தா உன் பொழப்பு என்ன ஆகறது?"

"எத்தனை வருஷமா இப்படிப் போடறே?"

"நீ படகை ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து." குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

கெசையா படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அட மரமண்டை. நான் பாலத்துக்குப் போட்டேன்யா. ஒவ்வொரு வருஷமும்."

யோஸ்ட் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது உதவி செய்வேன் என்பதுபோல. நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"அன்னிக்கு ஏமஸ் மட்டுமா போனார்? நம்ம கரையில பிரசவ வலியில கெடந்த அந்தப் பொண்ணும் போயிட்டா, அவ வயித்துல இருந்ததும் போயிடுச்சு. பாலம் இருந்திருந்தா மருத்துவச்சி நடந்தே வந்திருப்பா. அதுக்காகத்தான் அந்த ஒரு ஓட்டை வெச்சிருந்தேன். அதை விடக் கூடாதுன்னுதான் உன்னைக்கூட நிறுத்தி வெச்சேன். நீ என்னடான்னா எனக்காகன்னு சொல்லிக்கிட்டு, என் ஓட்டை வருஷா வருஷம் அழிச்சிருக்கே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே? பெட்டிக்கும் எனக்கும்னு சொன்னியே!"

"யாருக்குப் போட்டேன்னு கேட்டே. கட்டிக்கிறியான்னு கேட்டே. எனக்கு என்ன வேணும்னு என்னிக்காவது கேட்டியா?"

"ஏங்க, என்னைக் கொஞ்சம் கரையில இறக்கிட்டு..." என்றேன்.

"சித்த இரும்மா!" இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

யோஸ்ட் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு எழுந்து கயிற்றைத் தானே பிடித்தார். "இழு. இன்னும் வெளிச்சம் இருக்கு."

"நான் சொன்னேன்னு போடாதே. என் ஓட்டு போனது போனதுதான். உன் ஓட்டை நீ யோசிச்சுப் போடு."

"யோசிக்கத்தான் விடேன், பேசிட்டே இருக்கியே!"

கரை தொட்டதும், நொண்டும் காலோடு விடுதியைப் பார்த்து ஓடினார். என்னை அழைத்துப் போக வரும் அண்ணன் வண்டிக்காக நான் துணிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். கெசையா கயிற்று முடிச்சுகளைச் சரி பார்த்தாள்; சரியாக இருந்ததை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அவர் திரும்பி வந்தபோது அவள் முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்குப் போட்டார் என்று பொறுக்காமல் நான்தான் கேட்டேன்.

"அது பெட்டிக்கும் எனக்கும் உள்ளது" என்றார் யோஸ்ட்.

கெசையா சிரித்த சிரிப்பில் கயிறு கையிலிருந்து நழுவியது.

அந்த வருஷமும் பாலக்காரர்கள் தோற்றார்கள்; அது பிறகு வந்த செய்தி. அன்று அவர்கள் இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கள் வீடுகளுக்குத் திரும்பப் படகேறினார்கள். அவர் ஒரு பக்கம் கயிறு பிடித்தார், அவள் ஒரு பக்கம். கரையை விட்டு விலகும்போது அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"சரி, பாலம் வருதுன்னே வெச்சுப்போம். உனக்கு என்ன வேணும் கெசையா?"

பதில் காற்றில் போய்விட்டது. நடு ஆற்றில் படகு மறுபடி நின்றது. அண்ணன் வண்டி வந்து, பெட்டியை ஏற்றி, நான் திரும்பிப் பார்த்தபோதும் அது நகரவில்லை.