தேறாத போன்

கம்பெனியில் அவருக்கு 'டமால்' என்று பெயர். வேலையே அதுதான்: புதிதாகச் செய்த போன்களை ஆள் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் போட்டுப் பார்ப்பது. விழுந்த பிறகும் வேலை செய்தால் தேறியது. இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் ஒரு டம்ளர் கைதவறினால்கூட மனைவி, "ஆபீஸ் வேலையை இங்க எதுக்குக் கொண்டு வர்றீங்க?" என்பாள். அவர் தேறவைத்த பட்டன் போன்கள் மாடியிலிருந்து விழுந்தும் பேசின. ஊரே அதைச் சொல்லித்தான் வாங்கியது. அந்தப் பெருமையில் மனிதர் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தார்.

பிறகு போட்டிக் கம்பெனி ஒன்று, முகம் முழுக்கக் கண்ணாடியாக ஒரு போனைக் கொண்டுவந்தது. மேலதிகாரிகள் சோதனை அறையில் கூடினார்கள். அவர் போட்டார். சில்லுச் சில்லாகப் போயிற்று. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று முதலாளி சிரித்தார், எல்லோருக்கும் டீ வந்தது. டீ குடித்துக்கொண்டே கோட்டை விட்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதே கட்டடத்தின் பின்பக்கத்துச் சின்ன அறையில் நாலு பேர், கம்பெனிக்கென்று ஒரு கண்ணாடி போனைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் டமாலுடைய மனைவியின் தம்பி. இவர் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தவன். அவன் போன் சோதனைக்கு வந்தது, விழுந்தது, மூலையில் விரிசல் விட்டது. இது தேறாவிட்டால் அந்த அறையை மூடிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். "மாமா, பஸ்ல பாருங்க. பாதிப் பேர் கையில உடைஞ்ச கண்ணாடிதான். டேப் ஒட்டியாவது அதையேதான் வச்சிருக்காங்க. விழுந்தா உடையுமான்னு எவனும் கேக்கல. நாமதான் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"ரூல்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அந்த ரூலைப் போட்டதே நீங்கதானே மாமா?"

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் பஸ்ஸில் அவரே பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண், கீறல் விழுந்த கண்ணாடியை விரல் கிழியாமல் பார்த்துப் பார்த்துத் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டுப் போயும் 'தேறவில்லை' என்றே எழுதினார். முதலாளிக்கு அந்தப் பதில்தான் பிடிக்கும். தேறியது என்று எழுதினால் மச்சினனுக்குச் சலுகை காட்டினார் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை வருஷம் கீழே போட்டதெல்லாம் வீண் என்று ஆகிவிடுமே என்ற பயம். சுத்தக் கோழைத்தனம், அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அறையை மூடினார்கள். மச்சினனை வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்ச காலத்தில் பட்டன் போனைச் சீந்த ஆளில்லாமல் கம்பெனியே படுத்துவிட்டது. இவரையும் எவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"என் தம்பிகிட்டயே போய் வேலை கேளுங்க" என்றாள் மனைவி. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மச்சினன் கடைவீதியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து, உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தான். "வாங்க மாமா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். கோபத்தைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நல்ல கூட்டம்தான்" என்றார், வேறென்ன பேசுவதென்று தெரியாமல்.

"ஆமா மாமா. எல்லாக் கம்பெனி போனும் வருது." மேசையில் கிடந்த சில்லுகளை ஊதித் தள்ளினான். "வெளிய விட்டிருந்தா, நான் செஞ்சதும் ஒண்ணு, உடைஞ்சாவது வந்திருக்கும்."